அந்தியில் பார்த்த மண்டலங்கள்

1974 அக்டோபர் 11, வெள்ளி

வெயில். புரட்டாசி முடியப் போகிறது, மேகம் என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

அம்மாவுக்கு இன்று கொஞ்சம் தெளிவு. வலது கையும் காலும் அப்படியேதான். பேச்சு, நாலு வார்த்தை முயன்றால் ஒன்று வருகிறது. விடியுமுன் குளித்தாக வேண்டும் என்பதில் மட்டும் எந்தக் குழறலும் இல்லை. பிறந்ததிலிருந்து சூரியன் வந்த பிறகு குளித்ததே கிடையாதாம். பக்கவாதம் வந்துவிட்டது என்று சூரியனுக்கு யார் போய்ச் சொல்வது.

வெந்நீர் போடுவது. தூக்கி உட்கார வைப்பது. ஊற்றுவது, துவட்டுவது, சேலை சுற்றுவது. எண்ணெய் போட்டு உருவி விடுவது. கஞ்சி ஊட்டுவது, பாதி தோளில். இதெல்லாம் முடியும்போது வெயில் முற்றத்தில் பாதி ஏறிவிடுகிறது. பிறகு அடுப்படியில் மதினிக்குத் துணை. அண்ணனுக்கும் அவர் மிளகாய் வத்தல் மண்டி ஆட்களுக்கும் தூக்குச்சட்டி போக வேண்டும். பிறகு அம்மாவுக்கு மத்தியானம். பிறகு துணி.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் பாளையம்பட்டியிலிருந்து ஒரு ஆள் வைத்துப் பார்த்தோம். அவள் கை பட்டாலே அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். அந்தப் பெண் பாவம், மூன்றாம் நாள் சொல்லாமலே நின்றுவிட்டாள்.

என் கை ஓய்வது பொழுது சாயும்போது. அப்புறம்தான் என் வேலை, ஆகாயப் படங்கள். இன்று இரண்டு சதுரம். நீ, நீ, வி, நீ, வி, வி, நீ. சு ஒன்றுகூட இல்லை. கண் எரிகிறது. வத்தல் நெடியா உறக்கமா தெரியவில்லை.

அக்டோபர் 12, சனி

மதினி இன்று படத்தாளை எட்டிப் பார்த்தாள். “ஈ உக்காந்து எந்திரிச்ச மாதிரில்ல இருக்கு. இதுக்கா மலை மேல போயிப் படிச்சே?”

கோபம் வரவில்லை. சரியான வர்ணனை அதுதான். ஆய்வேட்டுக்கு ஒரு முன்னுரை வேண்டும், யாருக்கும் விளங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று மலைமேல் வானாய்வுக்கூடத்துப் பேராசிரியர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மதினிக்கு விளங்கியது உலகத்துக்கு விளங்கும். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் ஆகும்.

வெள்ளைத் தாள் ஆகாயம், சதுரம் சதுரமாகப் பிரித்தது, தாளுக்கு ஒரு சதுரம். கறுப்புப் புள்ளிதான் வெளிச்சம். படம் எதிர்மறை, அதனால் தலைகீழ். கூராக இருக்கும் புள்ளி நம் பக்கத்து நட்சத்திரம், அதை விட்டுவிட வேண்டும். கொஞ்சம் மங்கிப் பரவினால் அது ஒரு மண்டலம். நாம் இருக்கிற பால்வீதி மாதிரி, கோடி கோடி நட்சத்திரம் சேர்ந்த ஒன்று. அந்த மண்டலங்கள் நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் நெருக்கியடித்துக் கிடப்பது கொத்து. என்னுடையது கோமா என்று பெயர் வைத்த கொத்து.

மண்டலத்தில் மூன்று ஜாதி. நீ என்றால் நீள்வட்டம், முட்டை மாதிரி, வழவழவென்று. சு என்றால் சுருள், நடுவிலிருந்து கைகள் வளைந்து புறப்படும். வி என்றால் வில்லை, சுருள் மாதிரித் தட்டை, ஆனால் கை கிடையாது. தனியாகக் கிடக்கிறவை பெரும்பாலும் சுருள். கொத்தின் நடுவில் சுருளைத் தேட வேண்டியிருக்கிறது. ஏன்? நெருக்கத்தில் பிறந்தவை பிறவியிலேயே அப்படி என்று ஒரு கட்சி. இல்லை, சுருளாகத்தான் வந்து விழுந்தன, உள்ளே வந்துதான் மாறிப்போயின என்று இன்னொரு கட்சி. கொத்துக்குள் இடைவெளி வெறும் வெளி இல்லை, கொதிக்கிற மெல்லிய வாயு நிரம்பியிருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. உள்ளே பாய்ந்து வருகிற மண்டலத்துக்கு அது எதிர்காற்று. அதனிடம் இருக்கிற வாயுவை அந்தக் காற்று உருவிக்கொண்டு போய்விடும். வாயு போனால் புது நட்சத்திரம் பிறக்காது. இருக்கிற நீல நட்சத்திரங்கள் சீக்கிரம் செத்துப்போகும். மிச்சம் சிவந்த கிழங்கள். கை மங்கி மறையும்.

எந்தக் கட்சி சரி என்று பார்க்க, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் சுருள்கள் எப்படிக் குறைகின்றன என்று எண்ண வேண்டும். அதுதான் என் வேலை.

மதினி எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப நடுவுல இருக்கிறதுக்குத்தான் கஷ்டம்” என்றாள். எழுந்து போய்விட்டாள். ஆறாம் மாசம், இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

புழுதிக் காற்று. பரளச்சிப் பக்கமிருந்து வத்தல் லோடு இன்றும் வரவில்லையாம். மானாவாரி நிலம், வானம் கைவிட்டால் யார் என்ன செய்வது. வீரசோழன் ஊரிலிருந்து வியாபாரி ஒருவர் வந்து மண்டியில் உட்கார்ந்துவிட்டு மோர் குடித்துப் போனார். வேறு வியாபாரம் இல்லை.

அண்ணன் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். விருதுநகர்க்காரர்கள் கேட்டுவிட்டார்களாம். பருப்பு மில் குடும்பம். அம்மா விழுவதற்கு முன்பு அம்மாவே போய்ப் பார்த்து, பிடித்து, வாக்குக் கொடுத்துவிட்டு வந்த இடம். பிள்ளை நல்லவர்தான், நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன், வாயைத் திறக்கவில்லை. படிப்பு முடியட்டும், பிறகு கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பும் வேலையும் வேண்டாம். இதுதான் பேச்சு.

“தை பொறந்தா அவுகளுக்குத் தேதி சொல்லணும். அதுக்குள்ள ஒன் புள்ளி வேலைய முடிச்சிருவேல்ல?”

முடித்துவிடுவேன் என்றேன். உண்மையும் அதுதான். இன்னும் கொஞ்சம் சதுரம். பிறகு எழுதுவது. மார்கழிக்குள் கொடுத்துவிட்டால் பட்டமாவது கையில் இருக்கும். அதற்கு மேல் ஆசைப்பட இப்போது தெம்பில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

முழங்கால் வலி. அம்மாவைத் தூக்கும்போது எங்கோ பிசகிவிட்டது.

வேலை:
பேராசிரியருக்கு வளைவு வரைந்து அனுப்ப.
உருப்பெருக்கிக் கண்ணாடியில் வத்தல் தூசி. துடைக்க. (தூசியை இரண்டு தடவை மண்டலம் என்று எண்ணிவிட்டேன். இரண்டுக்கும் நீ போட்டிருந்தேன்.)
அம்மாவுக்குத் தைலம்.
மதினிக்குப் புளிப்பு மாங்காய். இந்தக் காலத்தில் எங்கே போக.

புதுச் சதுரங்களையும் சேர்த்து, சுருள் எண்ணிக்கையை மறுபடி வளைவாகப் போட்டுப் பார்த்தேன். ஓரத்தில் சுருள் நிறைய. உள்ளே வர வர மெதுவாகக் குறைகிறது. அப்புறம் ஒரு இடத்தில் மச்சுப்படியிலிருந்து விழுந்த மாதிரி ஒரே விழுகை. அதற்கு உள்ளே சுருளே இல்லை. பேராசிரியருக்கு இந்த விழுகைதான் பிடித்திருக்கிறது. எதிர்காற்று அறைகிற எல்லை அதுதான், ஆய்வேட்டின் உயிரே அது என்கிறார். போன மாதம் ஒரு கூட்டத்தில் சொல்லியும் விட்டாராம். எல்லாரும் தலையாட்டினார்களாம்.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். கொட்டாவி வருகிறது.

அக்டோபர் 21, திங்கள்

மாலை ஒரு சதுரம். விளக்கு மங்கல். இந்நேரத்துக்கு ஊரெல்லாம் பல்பைப் போடுகிறார்கள், எங்கள் தெருக்கோடிக்கு வருவது மிச்சக் கரண்டுதான். நீ, வி, வி, நீ. பார்க்காமலே எழுதிவிடலாம் போல.

அக்டோபர் 24, வியாழன். சரஸ்வதி பூஜை

இன்று நான் கத்தினேன். இந்த வீட்டில் நான் கத்தி யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் அம்மாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் மதினி பூஜைக்கு எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிவிட்டாள். மண்டித் தராசு, படிக்கல், அண்ணனின் கணக்குப் புத்தகம், அரிவாள்மணை, தையல் மெஷின். அதோடு என் படத்தாள்கள் அத்தனையும், பெட்டியிலிருந்து எடுத்து. உருப்பெருக்கிக்குச் சின்ன மாலை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றையும் விடவில்லை, அவ்வளவு பக்தி. சதுர எண் எல்லாம் சந்தனத்துக்கு அடியில். அடுக்கும் கலைந்துவிட்டது. கோமா கொத்தின் நடுவே இன்று புதிதாக ஒரு செக்கச் சிவந்த மண்டலம் உதயம்.

“படிக்கிற பொருளுக்குப் பொட்டு வைக்காம எப்படி? நீ தைக்குள்ள முடிக்கணும்னுதான வேண்டிக்கிட்டு வச்சேன்” என்றாள். கண் கலங்கிவிட்டது. நான் கத்தியதற்கு எனக்கே வெட்கம்.

அம்மா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்க உதடு மட்டும் சிரித்தது. விழுந்த பிறகு இதுதான் முதல் சிரிப்பு.

பூஜையில் வைத்ததை இன்று தொடக் கூடாது, படிக்கக் கூடாது. சாயங்காலம் செய்ய ஒன்றுமில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெளிச்சம் இருக்கும்போதே உறங்கிவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி. விஜயதசமி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

இன்று காலை எழுந்ததும் ஏதாவது படித்தாக வேண்டும், அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. பூஜையில் வைத்ததைத் திறந்து நாலு வரியாவது பார்த்தால் ஆண்டு முழுதும் படிப்பு தங்கும் என்பது வீட்டு வழக்கம். அம்மாவைக் குளிப்பாட்டிய கையோடு மதினி என்னை முற்றத்துக்குத் தள்ளினாள். கஞ்சியை அவள் பார்த்துக்கொள்வாளாம். சூரியன் அப்போதுதான் சுவர் மேல் ஏறியிருந்தது.

மேலே இருந்த தாளை எடுத்தேன். மூலை சந்தனத்தில் இருந்ததால் எந்தச் சதுரம் என்று தெரியவில்லை. கண்ணாடியை வைத்தேன். சு. பக்கத்தில் இன்னொரு சு, கை மங்கல். கொஞ்சம் தள்ளி ஒன்று, முதல் பார்வைக்கு வில்லை, பொறுமையாகப் பார்த்தால் மெல்லிய கை இரண்டு பக்கமும். ஓரத்துச் சதுரம் போலிருக்கிறது, மலையில் பார்த்தது என்று நினைத்துக்கொண்டேன். நல்ல உறக்கம் உறங்கிய கண்ணுக்குப் பார்க்கவே இதமாக இருந்தது.

பிறகு ஈரத்துணியால் மூலையைத் துடைத்தேன். நடுச் சதுரம். போன மாதம் இதே வீட்டில், மாலையில் பார்த்தது. அதில் நான் போட்டிருந்தது நீயும் வியும் மட்டும். சு ஒன்றுகூட இல்லை.

அக்டோபர் 26, சனி

அம்மாவுக்குக் கஞ்சி ஆறுகிற நேரத்தில் இன்னொரு நடுச் சதுரம் பார்த்தேன், முற்றத்து வெளிச்சத்தில். இரண்டு சுருள். மங்கல்தான், ஆனால் சுருள்.

மாலை வேலையெல்லாம் முடித்துவிட்டு அதே தாள், பல்புக்கு அடியில். கை இல்லை. இருக்கிறது என்று எனக்குத் தெரியும், காலையில்தான் பார்த்தேன், எந்த இடம் என்றும் தெரியும். ஆனாலும் நம்பி எழுத முடியவில்லை. வழவழவென்று ஒரு முட்டை. இது தெரியாமல் புதிதாகப் பார்த்திருந்தால் நீ என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

வெளிச்சம் பாதி. என் களைப்பு பாதி. எதற்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

அக்டோபர் 27, ஞாயிறு

இன்று புத்திக்கு எட்டியது. ஏன் இவ்வளவு நாள் எட்டவில்லை என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் வேலையை ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். சூடான களியை ஓரத்திலிருந்து வழித்துத் தின்பது போல. நடுவில் பெரிய மண்டலங்களின் ஒளி மேலே மேலே விழுந்து குழப்பும், கை பழகியபிறகு அங்கே போகலாம் என்று. ஓரமெல்லாம் மலையில், ஜன்னலோர மேசையில், பகல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஆனியில் அம்மா விழுந்தாள் என்று தந்தி. தாள்களை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வந்தேன். மிச்சம் முழுக்க இந்த வீட்டில், மாலையில்.

வளைவு விழுகிற அந்த இடம், எந்தச் சதுரம் என்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து முதன்முதலில் பார்த்த சதுரம்.

அது கொத்தின் எல்லை இல்லை. நான் மலையிறங்கிய எல்லை. காற்று அறைந்தது என்னைத்தான்.

இப்போது என்ன?

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். நடுவில் சுருள் குறைவு என்பது உண்மைதான், எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். குறைவதற்கும் இல்லாமல் போவதற்கும் இருக்கிற வித்தியாசம் யார் கண்ணில் படும்? மார்கழியில் கொடுத்துவிடலாம். பட்டம் வரும். தையில் அண்ணன் தேதி சொல்வார்.

சொன்னால் எல்லாச் சதுரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும். ஓரத்தையும் சேர்த்து, கலைத்துப் போட்டு, எது ஓரம் எது நடு என்று எனக்கே தெரியாதபடி, காலையில் மட்டும். இந்த வீட்டில் எனக்குக் காலை கிடையாது. தை என்ன, அடுத்த ஆடிக்கும் முடியாது. அதற்குள் நான் விருதுநகரில் இருப்பேன்.

பயமாக இருக்கிறது. அதைவிட அலுப்பாக இருக்கிறது. பொய் சொல்லவும் தெம்பு வேண்டியிருக்கிறது, உண்மை சொல்லவும் தெம்பு வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 28, திங்கள்

தபாலாபீஸ். பேராசிரியருக்கு டிரங்க் கால். வெகுநேரம் காத்திருந்துதான் இணைப்பு கிடைத்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிக் குரல். நான் கத்த வேண்டியதாயிற்று. நடுவில் இருக்கிறதிலும் கை இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை என்று கத்தினேன். வரிசையில் நின்ற ஒருவர், ஆஸ்பத்திரிக்கா போன், தாயி, என்று பரிவாகக் கேட்டார்.

சார் கோபிக்கவில்லை. அதுதான் கஷ்டம். கூட்டத்தில் சொன்னதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நாலைந்து சதுரம் மறுபடி பார், வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால் அடிக்குறிப்பில் ஒரு வரி போட்டுவிடலாம் என்றார். கொஞ்சம் இல்லை சார் என்றேன்.

“முடிவு சரியாத்தாம்மா இருக்கு. உலகம் பூரா அதைத்தான் சொல்றாங்க. உன் கண்ணு களைச்சதுனால கொத்து மாறிடாது.”

“கொத்து மாறாது சார். என் வளைவு மாறும்.”

பிறகு, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் நேரம் முடிந்து அறுந்துவிட்டது. மறுபடி போட எனக்கு மனம் வரவில்லை. வெயிலில் நடந்தே வந்தேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. எண்ணெய் போட்டு உருவும்போது அம்மாவின் வலது கையில் ஒரு விரல் அசைந்த மாதிரித் தோன்றியது. இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுவதை நம்பப் பயம். மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வந்தபோது அசையவில்லை.

ஒன்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த மங்கல் கைகள். உள்ளே வந்து விழுந்து, வாயு பறிபோய், புதிதாக ஒன்றும் பிறக்காமல், ஆனால் கை இன்னும் அழியாமல் இருக்கிறவை. அப்படி ஒரு நிலை இருக்கத்தானே வேண்டும்? ஒரே நாளில் சுருள் வில்லையாகிவிடாது. பிறவியிலேயே அப்படி என்கிற கட்சிக்கு இவற்றை வைத்துக்கொண்டு என்ன பதில்? நான் துடைத்துத் தள்ளியவைதான் கேள்விக்கே பதிலாக இருக்கலாம்.

இருக்கலாம். எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அக்டோபர் 30, புதன்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மண்டியிலிருந்து வந்து கால் கழுவி, அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். தைக்குள் முடியாது, இன்னும் ஒரு வருஷமாவது ஆகும், செய்ததில் நடுப்பாகம் முழுக்கத் தப்பு என்றேன். காரணத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அவரும் களைத்துத்தான் இருக்கிறார், வத்தல் வராத மண்டியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை.

தப்பென்று வேறு யாருக்கும் தெரியுமா என்று கேட்டார். சாருக்குத் தெரியும், அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றேன்.

“அவுகளே விடச் சொல்லும்போது நீ ஏன் புடிச்சுத் தொங்குத?”

நான் பார்த்தேன், அதனால். அதற்கு மேல் காரணம் எனக்கே தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன்.

விருதுநகர்க்காரர்கள் ஒரு வருஷம் பொறுக்க மாட்டார்கள், அம்மா கொடுத்த வாக்கு, அதை அவர் எப்படி மாற்றுவது என்றார். நியாயம். பிறகு எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார், கோபமில்லாமல். எனக்குக் காலை வேண்டும் என்றேன். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை.

“காலையில அம்மாவ யாரு பாக்க? இவளா, இந்த வயித்தோடயா தூக்குவா?”

மதினி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். யார் மேலும் குற்றமில்லை. கோபப்பட ஒருவர் இருந்தால் எவ்வளவோ லேசாக இருக்கும். அம்மா கூரை மோட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கேட்டாளா, விளங்கியதா, தெரியாது.

யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தாள்களைக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டேன். மார்கழிக்குள் எழுதிக் கொடுத்துவிடலாம், அடிக்குறிப்போடு. அழுகைகூட வரவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

கிழக்கே கொஞ்சம் மேகம். மழை மேகமில்லை.

வழக்கம்போல இருட்டிலேயே வெந்நீர் போட்டு, வாளியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். தூக்கக் கையைக் கொடுத்தேன். அம்மா இடது கையால் என் கையைத் தள்ளினாள்.

காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை. மறுபடி தூக்கப் போனேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம்.” தெளிவாகத்தான் வந்தது. மதினியைக் கூப்பிட்டேன். அண்ணனும் எழுந்து வந்தார், வேப்பங்குச்சி வாயில்.

அம்மா வாயைக் கோணிக்கொண்டு வார்த்தையைத் தேடினாள். கழுத்து நரம்பு புடைத்தது. நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றோம்.

“சாயந்தரம்... சாயந்தரம் ஊத்துங்க.”

“என்னம்மா சொல்லுத? பொழுது விடிஞ்சா குளிக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிப்பியே” என்றார் அண்ணன்.

“சாயந்தரம்” என்றாள் மறுபடி. இடது கையை என் பக்கம் தூக்கி, முற்றத்தைக் காட்டினாள். “அவ... காலையில... பாக்கட்டும்.”

அண்ணன் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, விருதுநகர்க்காரர்களுக்கு நான் என்ன சொல்ல என்று கேட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். உறக்கம் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். அண்ணன் குச்சியைத் தூர எறிந்தார். பிறகு வாளியை அவரே தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் வைத்தார். வீணாக வேண்டாம், நீ குளி என்றார்.

அம்மாவின் தண்ணீரில் குளித்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. நன்றாக அழுதேன்.

மதினி தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, கலைத்து, எண் தெரியாதபடி மூலையை மடித்து வைத்திருந்தாள். குங்குமம் போகவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். மேசையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டாயிற்று. வெளிச்சம் சுவருக்கு மேலே வந்துவிட்டது.

முதல் தாள். நீ. வி. சு. வி. அடுத்தது, சு. கை மங்கல், ஆனால் இருக்கிறது.